எந்த ஊட்டுக்கு இந்த வஞ்சிரம்?

எங்க கரையில ஏலம் போடுறவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெரிய மீன யாரு எடுத்தாலும், தோள்ல கெடக்குற துண்ட ஒரு ஒதறு ஒதறிட்டு, "எந்த ஊட்டுக்கு இது?"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கேப்பாரு. காரப்பொடி, கானாங்கத்தைன்னு சின்ன மீனா எடுத்தா வாயத் தெறக்க மாட்டாரு. வஞ்சிரம், வவ்வால்னு பெரிய மீனா எடுத்தாத்தான் அந்தக் கேள்வி வரும். நாங்களும் சளைக்காம பதில் சொல்லுவோம். டாக்டர் ஊட்டுக்கு, பேங்க் மேனேஜர் ஊட்டுக்கு, ஓட்டலுக்கு. புதுச்சேரி டவுன்ல தெருத்தெருவா மீன் வித்த பதினெட்டு வருஷத்துல நான் அதிகமா சொன்ன பதிலு, "மதாம் ஊட்டுக்கு".

எங்க ஊட்ல வஞ்சிரம்ங்கிறது மீனே கெடையாது. அது பொண்ணோட நோட்டுப் புத்தகம், மழைக்கு முன்னாடி மாத்த வேண்டிய ஓடு, படகு இஞ்சினுக்கு ஒரு பார்ட்டு. வீட்டுக்காரர் வலையில வஞ்சிரம் மாட்டுன அன்னிக்கு எல்லாரும் சந்தோஷமாத்தான் இருப்போம். ஆனா அன்னிக்கும் கொழம்புல கெடக்குறது காரப்பொடிதான். அதுக்காக யாரும் எங்களப் பாத்து உச்சுக் கொட்ட வேணாம். நான் காரப்பொடி கொழம்பு வெச்சா தெருவே எட்டிப் பாக்கும். பெரிய மீனு விக்கிறதுக்கு, பொடி மீனு துன்றதுக்கு, அவ்ளோதான். அத ஒரு கொறைன்னு நாங்க நெனச்சதே இல்ல. நெனச்சிருந்தா நான் அந்த மாட்டு மாட்டிக்கிட்டிருக்க மாட்டேன்.

நான் மாட்டுனதுக்குக் காரணம் என் வாயிதான். அத மொதல்லயே ஒத்துக்குறேன்.

நோணாங்குப்பம் போட் ஹவுசுக்கு சனி, ஞாயிறு ஆனா பெங்களூர் வண்டியும் சென்னை வண்டியும் வந்து ரோட்டையே அடைச்சுக்கும். பாரடைஸ் பீச்சுக்குப் படகு ஏற வெயில்ல நிக்கிற கூட்டத்தப் பாத்தா, இவங்க ஊர்ல எல்லாம் தண்ணியே இல்லியான்னு கேக்கத் தோணும். புதுப்புது ஓட்டலு, ரூமு, காபிக் கடைன்னு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. ஊரு வளருதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் கண்ணால பாத்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த வளர்ச்சி என் அன்னக்கூடைக்குள்ள வந்து ஒக்காரல. ஓட்டல் ஏஜெண்டுங்க கரைக்கே வந்து மொத்தமா மீன் எடுக்க ஆரம்பிச்சதுல, எனக்கு வாங்குற வெலதான் ஏறுச்சு. வெயில்ல நடக்குற தூரம் கொறையல.

கவர்மெண்டும் சும்மா இல்ல, நன்றி கெட்டத்தனமா பேச மாட்டேன். ரேஷன் கார்டு இருந்துச்சு. மீன்புடி தடைக்காலத்துல நிவாரணம் வந்துச்சு. என் பொண்ணு ஒரு ரூவா ஸ்டூடண்ட் பஸ்லதான் காலேஜு போச்சு. அந்த பஸ் இல்லன்னா பிளஸ் டூவோட ஊட்ல ஒக்காந்திருக்கும், இத நான் எந்த மேடையில வேணாலும் சொல்லுவேன். அதெல்லாம் எங்கள தண்ணியில முழுவிப் போவாம பாத்துக்கிச்சு. ஆனா முழுவிப் போவாம இருக்கறது வேற, கரையேறுறது வேற. முழுவிப் போவாம இருக்குற ஆளும் கைகால அடிச்சுக்கிட்டேதானே இருக்கணும்?

இந்த ரெண்டும், அதாவது வர்ற கூட்டமும் கவர்மெண்டோட கையும், ஒரு எடத்துல சேந்து வந்தது அந்தக் கடையிலதான். போட் ஹவுசுக்குப் போற ரோட்டுல, மகளிர் குழுங்களுக்குன்னு சாப்பாட்டுக் கடை ஒண்ணு கட்டுனாங்க. எங்க குழுவுக்குக் கெடச்சுது. ஆனா சும்மா இல்ல. மூணு மாசம் நடத்திக் காட்டணும். பெரிய ஆபீசர் வந்து சாப்பிட்டுப் பாப்பாரு. நல்லா இருந்தா அஞ்சு வருஷத்துக்குக் கடை எங்களுது. இல்லன்னா டெண்டரு. டெண்டருன்னா காசு வெச்சிருக்குற காண்ட்ராக்டருங்கதான் எடுப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நாங்க திரும்பவும் கூடையத் தலையில தூக்க வேண்டியதுதான்.

குழுவுல நாங்க ஆறு பேரு. தலைவி அக்காவுக்கு அம்பதத் தாண்டிடுச்சு. கூடையத் தூக்கித் தூக்கி முட்டி தேஞ்சு போயி, படி ஏறுனா முனகும். என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, என் ஓரகத்தி, அதுதான் எங்கள்ல கைப்பக்குவக்காரி. இன்னும் மூணு பேரு பரிமாற, கழுவ, காய் நறுக்க. நான் கரையில மீன் எடுக்குறது, ஆபீசுல பேசுறது. பேசுறதுக்கு என்ன அனுப்புனது அவங்க பண்ண தப்பு.

ஆபீசுல ஒரு நாளு மீட்டிங்கு. என்னா என்னா சாப்பாடு போடப் போறீங்கன்னு ஆபீசரம்மா கேட்டுக்கிட்டிருந்தாங்க. சின்ன வயசுப் பொண்ணு, பொறுமையா எழுதிக்கிட்டாங்க. பக்கத்துல கேன்டீன் காண்ட்ராக்ட் எடுக்குற ஒருத்தரு வேற வேலையா வந்து ஒக்காந்திருந்தாரு. அவரு ரொம்ப மரியாதையா, எங்க மேல அக்கறை உள்ளவரு மாதிரி சொன்னாரு: பாவம், இந்தம்மாங்க ஊட்ல வெக்கிற மீனு வேற, டூரிஸ்ட்டு கேக்குற மீனு வேற, இவங்களுக்கு அது பழக்கமில்ல. அந்த "பாவம்" இருக்கே, அது எனக்கு உச்சந்தலையில ஏறிடுச்சு. வஞ்சிரத்தப் புடிக்கிற வலையும் எங்களுது, அத வெட்டுற அருவாமனையும் எங்களுது, எங்களுக்கா பழக்கமில்ல? மொத ஐட்டமே வஞ்சிரம் வறுவல்னு எழுதிக்குங்க மேடம்னு சொல்லிட்டேன். அவங்களும் மொத வரியில எழுதிட்டாங்க. காண்ட்ராக்டர் தலையாட்டுனாரு. வெளிய வந்து நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு ஷேர் ஆட்டோவுல ஏறுனேன்.

அதுக்கப்பறம் மூணு நாளு பயிற்சி. தலையில தொப்பி, கையில ஒறை. ஒறை போட்டுக்கிட்டு மீன் கழுவச் சொன்னாங்க. அக்கா கழுவுன கானாங்கத்தை வழுக்கிக்கிட்டுப் போயி, பயிற்சி குடுக்க வந்த சாரோட மடியில உழுந்துச்சு. அந்த மனுஷன் பேண்டத் தொடச்சுக்கிட்டே சுத்தம் சுகாதாரம்னு மிச்சப் பாடத்த முடிச்சாரு. எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. வஞ்சிரத்த எப்பிடி வறுக்குறதுன்னு மட்டும் சொல்லிக் குடுக்கல. மீன்காரிங்களுக்குப் போயி அதச் சொல்லணுமான்னு விட்டிருப்பாங்க. நாங்களும் கேக்கல, எங்களுக்கு அது தெரியாதுங்கிறதே ஞாபகத்துல இல்ல.

கடை தெறக்குறதுக்கு மொத நாளு சாயங்காலம், சாமான் எல்லாம் அடுக்கி முடிச்சுட்டு, வஞ்சிரத்த யாரு வறுக்குறதுன்னு அக்கா கேட்டுச்சு. நான் ஓரகத்தியப் பாத்தேன். அது என்னப் பாத்துச்சு. நான் வெச்சதில்ல, நீதானே மொத ஐட்டம்னு எழுதச் சொன்ன, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்னு சொல்லிச்சு. மத்த மூணு பேரும் தரையப் பாத்தாங்க. அக்காவாவது செஞ்சிருக்குமான்னு பாத்தா, அது கடைசியா வஞ்சிரம் தலைய ஒரு தடவ கொழம்பு வெச்சதாவும், அதுவும் யாரோ வேணாம்னு உட்டுட்டுப் போன தலைன்னும் சொல்லிச்சு. ஆறு பேரும் சேத்து எத்தன ஆயிரம் வஞ்சிரத்த வெட்டியிருப்போம். ஒருத்திக்கும் அத வறுக்கத் தெரியல. ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு சிரிச்சோம் பாருங்க, பக்கத்து எளநிக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டாரு.

சிரிப்பு அடுத்த நாளே அடங்கிடுச்சு. எங்களுக்குத் தெரிஞ்ச வறுவலு நெத்திலி வறுவலுதான். எண்ணெய் நெறைய ஊத்தி, மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் உட்டு, கரண்டியால பொரட்டிக்கிட்டே இருக்கணும். வஞ்சிரத்தையும் அப்பிடியே செஞ்சோம். காசு குடுக்குறவங்களுக்குப் பெருசா இருக்கட்டும்னு நல்ல மனசோட தடித்தடியா வேற வெட்டியிருந்தேன். தட்டுல வெச்சப்ப டங்குன்னு சத்தம் கேட்டுச்சு. பொண்டாட்டியோட வந்த ஒரு பெங்களூர் பையன், கிண்டலே இல்லாம, "அக்கா, இது மீனா, கருவாடா?"ன்னு கேட்டான். பல்லு இல்லன்னா இட்லி சாப்புடுன்னு சொல்லிட்டேன். தலைவி அக்கா என் இடுப்புல கிள்ளுன தடம் ரெண்டு நாளு இருந்துச்சு.

சரி, கம்மியா வறுப்போம்னு எடுத்தா உள்ள பச்சையா நின்னுச்சு. கொழம்புல போடுவோம்னு போட்டோம். பொடி மீனுன்னா அடுப்புலயே கெடந்து கொதிக்கணும், அப்பத்தான் முள்ளு கூட எளகும். அந்தப் பழக்கத்துல வஞ்சிரத்தையும் கொதிக்க உட்டா, வாயில வெச்சவங்களுக்குப் பஞ்சத் துன்ற மாதிரி ஆயிடுச்சு. நெத்திலியும் சுறாப் புட்டும் எறாத் தொக்கும் பறந்துச்சு, அத நான் பெருமையாவே சொல்லுவேன். வஞ்சிரம் மட்டும் தட்டுல அப்பிடியே திரும்பி வந்து, எச்சின்னு நாய்க்குத்தான் போச்சு. இருக்கறதுலயே வெல ஜாஸ்தி அதுதான். மத்ததுல வந்தத எல்லாம் அது ஒண்ணே முழுங்கிக்கிட்டிருந்துச்சு.

ரெண்டாவது மாசக் கடைசியில ஆபீசரம்மா வந்தாங்க. சுத்தம் நல்லா இருக்கு, கூட்டம் நல்லா இருக்கு, எல்லாம் சொன்னாங்க. அப்பறம் வாசல்ல சாப்பாட்டு ஐட்டம் எழுதி வெச்சிருந்த போர்டக் காட்டி, பெரிய ஆபீசரு மொத வரியில இருக்குறதத்தான் கேப்பாரு, அது சரியில்லன்னா நான் என்ன எழுத முடியும்னு கேட்டாங்க. திட்டியிருந்தா நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். அந்தப் பொண்ணு எங்களுக்காக வருத்தப்பட்டுக் கேட்டதால, மோரு ஊத்தப் போற மாதிரி உள்ள போயிட்டேன்.

அவங்க போனதும் அக்கா ஈரத் துணிய எடுத்துக்கிட்டு போர்டுகிட்ட போச்சு. வஞ்சிரத்த அழிச்சுடலாம், நமக்குத் தெரிஞ்சதப் போடுவோம்னு சொல்லிச்சு. நியாயமான பேச்சுதான். ஆனா எனக்கு அந்தக் காண்ட்ராக்டரோட "பாவம்" காதுக்குள்ளயே நின்னுச்சு. துணியப் புடுங்கிட்டேன். புடிக்கிறது நாம, தூக்குறது நாம, வெட்டுறது நாம, வறுக்க மட்டும் வேற ஆளான்னு கத்துனேன். அக்கா ஈரக் கையத் தொடச்சுக்கிச்சு. அப்பறம் சொல்லிச்சு: "வாயி உன்னுது. வழியும் நீயே பாரு."

வழின்னு யோசிச்சா எனக்கு ஒரே ஒரு ஊடுதான் தெரிஞ்சுது.

மதாம்னா பிரெஞ்சுல மேடம். அவங்க ஊட்ட சொல்தா ஊடுன்னு தெருவுல சொல்லுவாங்க. சொல்தான்னா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. மதாமோட வீட்டுக்காரரு அந்தப் பட்டாளத்துல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, பென்ஷன் பிரான்சுலேர்ந்து வருது. அந்தம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். கடை தெறந்தப்பறமும் வாரத்துல ரெண்டு நாளு காலையில அந்த ஊட்டுக்கு மட்டும் மீன் குடுத்துக்கிட்டுதான் இருந்தேன். என்ன பென்ஷன் வந்து என்ன, பத்து ரூவாய்க்கு எங்கிட்ட அரை மணி நேரம் நிப்பாங்க. நானும் உட மாட்டேன். பதினெட்டு வருஷமா வாசப்படியில எங்க சண்டையக் கேட்டுத்தான் அந்தத் தெருவே எழுந்துக்கும். ரெண்டு பேரும் ஒரே டவுனு, ஒரே கடலு, ஒரே மீனு. ஒருத்திக்கு அது ஞாயித்துக்கெழமை சாப்பாடு, ஒருத்திக்கு அது அடுத்த மாசத்துச் செலவு. இதெல்லாம் அன்னிக்கு நான் யோசிக்கல. படியில ஒக்காந்து வழக்கம் போல மெல்லிசா துண்டு போட்டுக்கிட்டே, எப்பிடிக் கேக்குறதுன்னுதான் யோசிச்சேன். மானம் போற மாதிரி இருந்துச்சு.

"மதாம், இத எப்பிடி வறுக்குறது?"

அவங்க சிரிச்சாங்க. "இன்னா, கிண்டலா? நீதானே விக்கிற?"

"விக்கத்தான் தெரியும்."

"ஊட்ல வெச்சதே இல்லியா?"

"இல்ல."

அவங்க சிரிப்பு நின்னுபோச்சு. கையில இருந்த ஏனத்தப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. அப்பறம் கதவ நல்லாத் தெறந்து, "உள்ள வா"ன்னாங்க.

பதினெட்டு வருஷத்துல நான் அந்தப் படியத் தாண்டுனதில்ல. அவங்க வராதன்னு சொன்னதும் இல்ல. கவிச்சி நாத்தத்தோட உள்ள போவக் கூடாதுன்னு நானே நின்னுக்குவேன், அவங்களும் கூப்பிடணும்னு நெனச்சதில்ல. அன்னிக்குப் போனேன். அடுப்புகிட்ட ரெண்டு பேரும் நின்னோம். உப்பு, மஞ்சத்தூளு, மொளகாத்தூளு, கொஞ்சம் எலுமிச்சம்பழம். தடவி கொஞ்ச நேரம் வெச்சாங்க. கனமான தோசைக்கல்லு, எண்ணெய் கொஞ்சமா, தீ கொஞ்சமா. துண்டப் போட்டுட்டுக் கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. எனக்குக் கை பரபரங்குது, கரண்டி எடுத்துப் பொரட்டணும்னு. கையத் தட்டி உட்டாங்க. ஒரே ஒரு தடவதான் திருப்பணும், உள்ள ஈரம் இருக்கும்போதே எடுத்துடணும்னு சொன்னாங்க. தடியா வெட்டுனா வெளிய கருகும், உள்ள வேகாதாம். அதுக்குத்தான் மெல்லிசா கேப்பாங்களாம். இத்தன வருஷமா அவங்க கேட்ட அளவுல வெட்டிக் குடுத்திருக்கேன், ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. நான் அத பணக்காரத் திமிருன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன். இவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டா, அவங்க வீட்டுக்காரரு, அவங்க சொல்ற மாதிரி சொன்னா மிசே, பட்டாளத்துச் சமையக்கட்டுல கத்துக்கிட்டு வந்தாராம்.

மொத துண்ட எனக்குத்தான் குடுத்தாங்க. சூடா வாயில போட்டேன். அய்யய்யோ, அந்த ருசிய என்னன்னு சொல்றது! முள்ளே இல்ல, நாக்குல பட்டதும் பிரிஞ்சு போவுது. இதையா நான் வெயில்ல கூவிக் கூவி வித்தேன்னு நெனச்சதும் எனக்குக் கோவமா வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. காரம் அதிகமோன்னு மதாம் கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்.

அன்னிக்குத் தந்த மீனுக்கு அவங்க வழக்கம் போல பத்து ரூவா கொறச்சுக்கிட்டாங்க. நானும் வழக்கம் போல சண்ட போட்டேன்.

குழுவுல போயி செய்முறைய மட்டும் சொன்னேன். நான் தின்னதச் சொல்லல. வஞ்சிரத்துல பழகக் கட்டுப்படி ஆகாதுன்னு சூரை மீன வாங்கி மெல்லிசா வெட்டிப் பழகுனோம். ஓரகத்தியோட கை இருக்கே, அது சொன்ன பேச்சே கேக்காது. திருப்பும், திரும்பவும் திருப்பும். ஒரே தடவதான்டின்னு நான் பக்கத்துலயே நின்னு கரண்டியப் புடுங்கி வெச்சுக்குவேன். கடைசியில அதுவே கைய முந்தானையில சுத்திக்கிட்டு நிக்கக் கத்துக்கிச்சு.

பெரிய ஆபீசரு வர்ற சனிக்கெழமை காலையில கரையில ஒரே ஒரு வஞ்சிரம்தான் வந்துச்சு. ஓட்டல் ஏஜெண்டு ஒருத்தரு உட மாட்டேன்னு ஏத்திக்கிட்டே போனாரு. நானும் ஏத்துனேன். கடைசியில அவரு கையக் கீழ போட்டாரு. ஏலக்காரரு துண்ட ஒதறிட்டு எந்த ஊட்டுக்குன்னு கேட்டாரு. கடைக்குன்னேன். எந்தக் கடைக்குன்னாரு. எங்க கடைக்குன்னேன். கூட்டத்துல நாலு பேரு சிரிச்சாங்க. நல்ல சிரிப்புதான்.

பெரிய ஆபீசரு அதிகம் பேசாத மனுஷன். ஆபீசரம்மாவோட வந்து ஓரமா ஒக்காந்தாரு. போர்டப் பாத்தாரு, மொத வரியத்தான் கேட்டாரு. ஓரகத்தி கல்லுல துண்டப் போட்டுச்சு, கைய முந்தானைக்குள்ள வெச்சுக்கிச்சு. அந்த நேரம் பாத்து மதாமும் மிசேவும் உள்ள வர்றாங்க. எல்லாம் எங்கிட்ட கத்துக்கிட்டதுதான்னு இந்தம்மா ஆபீசர் காதுபடச் சொல்லிடுமோ, இல்ல போர்டப் பாத்து வெலைக்குச் சண்ட போடுமோன்னு எனக்குப் பயம். ரெண்டும் நடக்கல. பேசாம சாப்பிட்டாங்க. மிசே ரெண்டாவது தட்டு கேட்டாரு. மதாம் எழுந்து வந்து, போர்டுல இருக்குற காச அப்பிடியே மேசையில வெச்சாங்க. பத்து ரூவாயும் கொறைக்கல. "மெர்சி, கடைக்காரம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. மெர்சின்னா நன்றி. அதுநாள் வரைக்கும் நான் மீன்காரம்மா.

பெரிய ஆபீசரு தட்டக் காலி பண்ணிட்டு, சமையக்கட்டப் பாக்கணும்னு பின்னாடி வந்தாரு. அங்க எங்க ஆறு தட்டும் மூடி வெச்சிருந்துச்சு. ஒண்ணத் தெறந்து பாத்தாரு. சோறு, காரப்பொடி கொழம்பு. ஆறுலயும் அதேதான். அடுப்பு மேல வஞ்சிரம் வறுத்து அடுக்கியிருந்துச்சு.

"நீங்க இத சாப்பிட மாட்டீங்களா?"ன்னு கேட்டாரு.

"அது விக்கிற மீனுங்க, சார்"னு சொல்லிச்சு அக்கா.

"எப்பிடி இருக்குன்னு தெரிய வேணாமா?"

"துன்றவங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுடுதுங்களே."

அக்கா அத வருத்தமா சொல்லல. ஒள்ளத ஒள்ளபடி சொல்லிச்சு, அவ்ளோதான். அந்த மனுஷன் தெறந்த தட்டத் திரும்ப மூடி வெச்சாரு. ஆபீசரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. ஆறு பேருல அந்த ருசி தெரிஞ்சவ நான் ஒருத்திதான். திருடி மாட்டுனவ மாதிரி கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம நின்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. கடை அஞ்சு வருஷத்துக்கு எங்களுது. அக்கா அதப் படிக்கச் சொல்லி மூணு தடவ கேட்டுச்சு. மூணாவது தடவ, இனிமே கூடையத் தூக்க வேணாம்லன்னு கேட்டுச்சு. வேணாம்கான்னு சொன்னேன். முட்டியத் தடவிக்கிட்டே ஒக்காந்திருந்துச்சு. ஊரு வளர்றது போதும், எல்லாம் தானா சரியாயிடும்னு யாராவது எங்கிட்ட சொன்னா, அந்த முட்டியத்தான் காட்டுவேன். ஊரு எங்களச் சுத்தி எவ்ளோவோ நாளா வளந்துச்சு, முட்டி தேஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. அதே மாதிரி, வெறும் கடை மட்டும் கட்டிக் குடுத்து அந்த ரோட்டுல ஒரு வண்டியும் வரலன்னா, நாங்க ஈ ஓட்டிக்கிட்டு ஒக்காந்திருப்போம். அதுவும் தெரியும்.

திங்கக்கெழமை கடைக்கு லீவு. காலையில கரைக்குப் போனேன். நல்லா பெருசா ஒரு வஞ்சிரம் வந்திருந்துச்சு. ஏலத்துல எடுத்தேன்.

"கடைக்கா?"ன்னாரு ஏலக்காரரு.

"கடை லீவு."

துண்ட ஒதறுனாரு. "அப்ப எந்த ஊட்டுக்கு?"

"எங்க ஊட்டுக்கு. ஆறு ஊட்டுக்கும்."

துண்டு அவரு கையிலயே நின்னுச்சு. முப்பது வருஷமா ஏலம் போடுற மனுஷன், அந்தப் பதில யாரும் அவருகிட்ட சொன்னதில்லபோல. அப்பறம் மீன அவரே தூக்கி என் கூடையில வெச்சாரு.

கடையிலயே வறுத்தோம். பாய விரிச்சு ஆறு பேரும் வட்டமா ஒக்காந்தோம். யாரும் மொதல்ல கை வெக்கல. எனக்குப் பொறுக்கல, சொல்லிட்டேன்: நான் மதாம் ஊட்லயே ஒரு துண்டு தின்னுட்டேன், உங்ககிட்ட சொல்லல. அதான் அன்னிக்கு வாயத் தொடச்சுக்கிட்டே வந்தியான்னு ஓரகத்தி கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மனசு லேசாச்சு.

மொத துண்டு அக்காவுக்கு. நாங்க அஞ்சு பேரும் அது மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தோம். பிட்டு வாயில போட்டுச்சு. மெதுவா மென்னுச்சு. முழுங்குச்சு.

"இதுக்கா இவ்ளோ நாளா இந்த வெல குடுத்து வாங்குனாங்க? நம்ம காரப்பொடியே மேலு"ன்னு சொல்லிச்சு.

சொல்லிக்கிட்டே கைய நீட்டி ரெண்டாவது துண்ட எடுத்துக்கிச்சு.